மொரீஷியஸ் தீவின் கற்குவியல்கள்

ஆனி மாதம் பிறந்து கரும்பு வெட்டு தொடங்கியதும், அதுவரை ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து நின்ற பயிர் மறைத்து வைத்திருந்த ஒரு காட்சி மொரீஷியஸ் தீவின் வயல்களில் வெளிப்படும். சோகை பரந்து கிடக்கும் நிலத்தின் நடுவே, இரண்டாள் மூன்றாள் உயரத்துக்கு, அடி அகன்று உச்சி குறுகி, சில இடங்களில் படிக்கட்டு வைத்தாற்போல் அடுக்கடுக்காக எழும்பிக் கன்னங்கரிய கற்களின் குவியல்கள் நிற்கும். அவற்றில் சுண்ணாம்பும் இல்லை, சாந்தும் இல்லை. ஒரு கல்லின் மேல் மறு கல்லைக் கைப்பழக்கத்தால் பொருத்தி வைத்த வேலை. சூறாவளிகள் பலவற்றைத் தாங்கி நிற்கும் அக்குவியல்களைப் புதிதாய்ப் பார்ப்பவர், ஏதோ ஒரு பழைய வழிபாட்டு ஸ்தலத்தின் எச்சம் போலும் என்று மயங்குவது இயற்கையே. உழவுக்கும் நடவுக்கும் இடைஞ்சலாயிருந்த கற்களை வயலினின்றும் பொறுக்கிப் போட்ட இடங்கள் அவை. போட்ட கைகள், முதலில் ஆப்பிரிக்காவினின்றும் மடகாஸ்கரினின்றும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் கைகள். பின்னர், ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிச் சென்ற நம் தேசத்தவரின் கைகள்.

பாறையைப் பொடியாக்கி விளைநிலத்தில் தூவினால், அப்பொடி மழைநீரில் கரையும்போது ஆகாயத்திலுள்ள கரியமில வாயுவைப் பற்றிக்கொண்டு கடலுக்குக் கொண்டுசேர்க்கும் என்றும், பூமி சூடேறிவரும் இக்காலத்தில் அது ஒரு நல்ல பரிகாரமாகக்கூடும் என்றும் விஞ்ஞானிகள் சொல்லி வருகிறார்கள். புதிய யோசனை என்றே இது பேசப்படுகிறது. ஆனால் அந்த யோசனைக்கு இன்று சான்றாக எடுத்துக்காட்டப்படும் பழைய பரிசோதனைகளுள் ஒன்று, மேற்சொன்ன கற்குவியல்கள் நிற்கும் தீவிலேயே, கரும்பு வயலிலேயே நடந்தது. ஆதலால் அதன் சரித்திரத்தை ஆய்வுக்கூடத்தில் தொடங்காமல், கல்லைத் தலையில் சுமந்தவர்களிடமிருந்து தொடங்குவதே நியாயம் என்பது என் அபிப்பிராயம்.

மொரீஷியஸ் முழுவதும் எரிமலை கக்கிய தீவு. ஏறத்தாழ எண்பது, தொண்ணூறு லட்சம் வருஷங்களுக்கு முன் சமுத்திரத்தின் அடியினின்று எழுந்த எரிமலைக் குழம்பு குளிர்ந்து இறுகி, பசால்ட் என்னும் கரும்பாறையாயிற்று. நம் கோயில் தூண்களுக்கும் ஆட்டுக்கல்லுக்கும் ஆகும் கருங்கல் வேறு, இது வேறு. நம்முடையது பூமியின் ஆழத்தில் மெல்ல மெல்ல இறுகிய பழங்கல். மழைக்கும் வெயிலுக்கும் அசையாதது. பசால்டோ விரைவில் குளிர்ந்தது. அதில் சிலிக்கா பாதியளவே உண்டு. சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் இரும்பும் நிறைய உண்டு. வெப்பமும் ஈரமும் சேர்ந்த இடத்தில் அது நம் கருங்கல்லைக் காட்டிலும் வெகு சீக்கிரம் மக்கி மண்ணாகும். அத்தீவின் எரிமலைகள் ஒரே காலத்தில் கக்கி ஓய்ந்துவிடவில்லை. இடையிடையே நெடுங்காலம் உறங்கி, மீண்டும் மீண்டும் விழித்தன. கடைசியாகப் பெருகிய குழம்புக்குச் சில பதினாயிரம் வருஷங்களே வயது. ஆகவே ஒரு புறம் பழம்பாறை முற்றும் மக்கி ஆழமான செம்மண்ணாய்க் கிடக்க, மறுபுறம் இளம்பாறை உடைந்து, மண் பாதி கல் பாதியாகக் கிடக்கிறது. இந்த வேற்றுமையை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். பின்னால் வரும் கதை முழுவதும் இதையே பற்றி நிற்கிறது.

மனித சஞ்சாரமற்றுக் கிடந்த அத்தீவுக்கு 1598-இல் வந்து, தங்கள் தலைவர் மோரிஸின் பெயரைச் சூட்டியவர்கள் டச்சுக்காரர்கள். 1639-இல் ஜாவாவிலிருந்து கரும்பைக் கொண்டுவந்து நட்டவர்களும் அவர்களே. 1710-இல் அவர்கள் கைவிட்டுப் போக, 1715-இல் பிரெஞ்சுக்காரர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். 1735-இல் கவர்னராக வந்த மாஹே தெ லா பூர்தொனே, போர்ட் லூயி துறைமுகத்தைக் கட்டும்பொருட்டுப் புதுச்சேரியிலிருந்து கைத்தொழிலாளரை வரவழைத்தார். அவர்களுள் தமிழ்க் கொத்தர்களும் தச்சர்களும் இருந்தனர். ஒப்பந்தக் கூலிமுறை தோன்றுவதற்கு நூறு வருஷங்களுக்கு முன்பே, அந்தக் கரும்பாறையை உளியால் பிளந்து, முகம் செதுக்கி, சுவராக எழுப்பியவர்கள் தமிழர்கள் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. கல்லின் குணம் அறிந்து தொழில் செய்த அந்த முன்னோரை முதலில் நினைத்துக்கொண்டு, அடுத்த நூற்றாண்டின் துயரக் கதைக்கு வருவோம்.

1810-இல் தீவு ஆங்கிலேயர் வசமாயிற்று. 1825-இல் மொரீஷியஸ் சர்க்கரைக்கு இங்கிலாந்தில் விதித்த சுங்கவரி, மேற்கிந்தியத் தீவுகளின் சர்க்கரைக்கு உள்ள வரியோடு சமமாக்கப்படவே, காடுகள் அழிந்தன, கரும்பு பரவிற்று. 1835-ஆம் வருஷம் பிப்ரவரி முதல் தேதி அடிமைமுறை ஒழிந்தது. அது ஒழியப்போவது தெரிந்த தோட்டக்காரர்கள் முன்கூட்டியே வேறு கைகளைத் தேடி இந்தியாவின் பக்கம் திரும்பினார்கள். 1834-ஆம் வருஷம் நவம்பர் 2-ஆம் தேதி ‘அட்லஸ்’ என்னும் கப்பலில் சோட்டா நாகபுரி மலைநாட்டைச் சேர்ந்த 36 கூலிகள் வந்திறங்கினார்கள். மாதம் ஐந்து ரூபாய் கூலி. ஐந்து வருஷ ஒப்பந்தம். அன்று தொடங்கி 1920 வரையில் சுமார் ஐந்து லட்சம் ஜனங்கள் போர்ட் லூயி துறைமுகத்தின் படிகளில் ஏறினார்கள். கல்கத்தா வழியே வந்தவர்கள் மிகப் பலர். அவர்களுக்கு அடுத்தபடியாக, தமிழரும் தெலுங்கருமாக, சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறியவர்கள். 1850-களில் பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் சர்க்கரைக் குடியேற்றங்களுள் முதன்மையானது இச்சிறு தீவே என்னும் நிலை வந்தது.

நல்ல செம்மண் பூமியெல்லாம் முதலிலேயே கரும்புக்குப் போய்விட்டதால், பின்னர் வந்தவர்கள் கல் நிறைந்த இளம்பாறை நிலங்களைத் திருத்த வேண்டியிருந்தது. ஏரோட்ட முடியாத பூமி அது. கடப்பாரையால் கல்லை நெம்பி, பெருங்கல்லைச் சம்மட்டியால் உடைத்து, சிறு கல்லைக் கூடையிலும் பெருங்கல்லைத் தோளிலும் ஏற்றி ஓரிடத்தில் சேர்த்து, எஞ்சிய மண்ணில் குழி தோண்டிக் கரணை வைக்க வேண்டும். அருகில் குவியல் இல்லையெனில், பயிர் வரிசைகளுக்கு இடையே நீள நீளமான திட்டுகளாக அடுக்க வேண்டும். மறுதாம்புக் கரும்பு ஓய்ந்து மறுநடவு வரும்போது பூமி புதிய கற்களை மேலே தள்ளியிருக்கும்; மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதே. சர்தார் என்னும் மேஸ்திரி கண்காணிக்க, விடியுமுன் தொடங்கி நடந்த வேலை. ஒரு நாள் வேலைக்கு வராவிடில் இரண்டு நாள் கூலியைப் பிடித்துக்கொள்ளும் சட்டம் ஒன்று அந்நாளில் இருந்தது என்பதைச் சொன்னால், அந்தக் கற்களின் கனம் எவ்வளவு என்பது விளங்கும். 1871-இல் அடோல்ஃப் தெ ப்ளெவிட்ஸ் என்பவர் முன்னின்று எழுதிய விண்ணப்பத்தில் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் கையொப்பமும் கைநாட்டும் இட்டதும், அதன் பயனாக அரசாங்க விசாரணைக் கமிஷன் அமைந்ததும், இக்கொடுமையின் சாட்சியங்கள்.

அத்தீவில் வழிவழியாக வழங்கும் ஒரு கதை உண்டு. மொரீஷியஸில் கல்லைப் புரட்டினால் அடியில் பொன் கிடைக்கும் என்று சொல்லியே ஆள்கட்டிகள் ஜனங்களைக் கப்பலேற்றினார்கள் என்பது அது. எந்த ஆள்கட்டி எந்த ஊரில் அவ்வாறு சொன்னான் என்று விசாரிப்பதில் பயனில்லை. பேரன் பேத்திகளுக்குச் சொல்லிச் சொல்லி நிலைத்துவிட்ட அக்கதையில், ஏமாந்தவர்களின் நெஞ்சு எரிந்த தழும்பு இருக்கிறது, அதுவே போதும். லட்சக்கணக்கான கற்களைப் புரட்டியவர்கள் அடியில் கண்டது ஈரமண்ணும் மண்புழுவுமே. ஆனால் மண் நூலோர் அந்நிலங்களை ஆராய்ந்து பிற்காலத்தில் சொன்னதைப் படிக்கும்போது, அந்தப் பொய்யினுள்ளே பொய் சொன்னவனும் அறியாத ஓர் உண்மை கிடந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்த உண்மை யாதெனில், கல்லில்லாத நிலமே அத்தீவில் ஏழை நிலம் என்பது. நடுப்பீடபூமியில் ஆண்டுக்கு நூறு அங்குலத்துக்கும் மேலாக மழை கொட்டும் ஈரப்பகுதிகளில், பழம்பாறை மக்கிய செம்மண் பார்வைக்கு ஆழமாகவும் மென்மையாகவும் இருக்கும். ஏருக்கும் மண்வெட்டிக்கும் இணங்கும். ஆயினும் எண்ணிறந்த ஆண்டுகளாகப் பெய்த மழை அதன் சுண்ணாம்பையும் மக்னீசியத்தையும் பொட்டாஷையும் சிலிக்காவையும் அரித்துக் கடலில் சேர்த்துவிட்டது. எஞ்சியவை இரும்பும் அலுமினியமும் புளிப்பும். கரும்போ சிலிக்காவை விரும்பி உண்ணும் பயிர். ஹெக்டேருக்கு 300 கிலோவுக்கு மேலும் ஒரே பயிரில் உறிஞ்சவல்லது. உண்ண உணவில்லாத மண்ணில் அது சோர்ந்து நின்றது. பையில் வந்த ரசாயன எருவும் அம்மண்ணில் முழுப்பயன் தரவில்லை. கல் நிறைந்த இளம்பாறை நிலத்திலோ, ஒவ்வொரு கல்லும் தன்னைச் சுற்றியுள்ள மண்ணுக்குச் சிறிது சிறிதாகச் சத்தை வழங்கும் களஞ்சியமாயிருந்தது. வேலைக்கு விரோதி எனப்பட்ட அந்தக் கல்லே மண்ணுக்குத் தாய்.

மண் இளைத்தால் வேறு மண்ணையோ கல்லையோ இட்டு அதைத் தேற்றலாம் என்பது உலகத்துக்குப் புதிதன்று. பழைய பிரான்சாகிய கால் நாட்டவரும் பிரிட்டன் தீவினரும் பூமிக்கடியினின்று சுண்ணாம்புக் களிமண்ணைத் தோண்டி வயலில் பரப்பியதை ரோமானிய ஆசிரியர் பிளினி முதல் நூற்றாண்டிலேயே எழுதி வைத்திருக்கிறார். கோடையில் குளத்து வண்டலை வண்டி வண்டியாக அடித்து வயலில் நிரவும் நம் குடியானவருக்கும் இவ்வறிவு உண்டு. ஜெர்மனியில் யூலியஸ் ஹென்சல் என்பவர் 1890-களில் ‘கல்லிலிருந்து ரொட்டி’ என்று தலைப்பிட்டு ஒரு நூலே எழுதி, ரசாயன எருவை விட்டுப் பாறைப்பொடியை இடுங்கள் என்று வாதாடினார். அவர் சொன்னவற்றில் மிகையும் உண்டு. அளந்து காட்டும் பொறுமை அவரிடம் குறைவு. அந்தப் பொறுமையோடு செய்தவரை மொரீஷியஸில் காண்கிறோம்.

அவர் பெயர் தொத்மன் தெ வில்லியே. மழை அரித்த பீடபூமி மண்ணுக்கு, அந்த மண் எதிலிருந்து பிறந்ததோ அதே பசால்டைப் பொடித்து மீண்டும் இட்டால் என்ன என்று அவர் கேட்டார். கேள்வி எளிது, அதை வயலில் கேட்டு, அறுவடைக்கு அறுவடை எடைபோட்டு விடை பெறுவது எளிதன்று. வழக்கமான எருவோடு ஹெக்டேருக்கு 20 டன்னுக்கும் மேலாகப் பாறைப்பொடி இட்ட பாத்திகளையும், எரு மட்டும் இட்ட பாத்திகளையும் ஒப்பிட்டு, அடுத்தடுத்து ஐந்து அறுவடைகள் வரை கணக்கெடுத்தபோது, பொடி இட்ட இடங்களில் விளைச்சல் முப்பது சதவீதம் வரை கூடிற்று. ஒரு முறை இட்ட எரு ஒரு பயிரோடு தீர்ந்துபோகும். ஒரு முறை இட்ட கல்லோ ஐந்தாம் வெட்டிலும் பேசிற்று. 1961-இல் சர்வதேசச் சர்க்கரைச் சஞ்சிகையில் அவர் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பே, பொடித்த பசால்டால் மண்ணை மீண்டும் இளமையாக்குதல் என்னும் கருத்துடையது. மண்ணுக்கு முதுமையும் உண்டு, அதை நீக்கும் வழியும் உண்டு என்று கண்ட அச்சொல்லாட்சியில் ஓர் உழவனின் அன்பு தெரிகிறது.

ஆயினும் அம்முறை தீவெங்கும் பரவவில்லை. ஓர் ஏக்கருக்கு எட்டு டன் கல்லைப் பொடித்து, ஏற்றி, இறக்கி, நிரவுவதென்றால் யந்திரமும் செலவும் எவ்வளவு என்பதை எண்ணிப் பார்த்தால் காரணம் விளங்கும். சில மூட்டை எருவோடு போட்டியிடப் பல வண்டிக் கல்லுக்கு அந்நாளில் இயலவில்லை. அவரும் மண்ணைப் பற்றியும் கரும்பைப் பற்றியுமே கவலைப்பட்டார். ஆகாயத்தைப் பற்றி அன்று ஒருவரும் கவலைப்படவில்லை.

ஒருவரும் என்று சொல்வதும் தவறு. 1958-இல், பசிபிக் சமுத்திரத்தில் இதேபோல் பசால்டால் ஆகிய ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலைமேல், சார்லஸ் கீலிங் என்னும் அமெரிக்கர் காற்றிலுள்ள கரியமில வாயுவை இடைவிடாது அளக்கத் தொடங்கியிருந்தார். பத்து லட்சம் பங்கு காற்றில் அன்று 315 பங்களவு இருந்த அவ்வாயு இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. ஓர் எரிமலைத் தீவில் நோயின் அளவு குறிக்கப்பட்ட அதே காலத்தில், மற்றோர் எரிமலைத் தீவில் மருந்துக்கு வேண்டிய பொருள் கரும்பின் அடியில் தூவப்பட்டுக்கொண்டிருந்தது. ஒருவருக்கொருவர் செய்தி போகவில்லை.

கல்லுக்கும் காற்றுக்கும் உள்ள உறவு அதற்கும் முன்பே தெரிந்ததுதான். சேவ்ர் பீங்கான் தொழிற்சாலையைச் சார்ந்த எபெல்மென் என்னும் பிரெஞ்சு ரசாயன நிபுணர் 1845-இலேயே அதை விளக்கியிருக்கிறார். மழைத்துளி காற்றிலுள்ள கரியமில வாயுவையும், வேர்களும் கிருமிகளும் மண்ணில் வெளிவிடும் அதே வாயுவையும் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. அவ்வமிலம் பாறையைத் தின்னும்போது கால்சியமும் மக்னீசியமும் விடுபட்டு, வாயுவானது பைகார்பனேட் என்னும் உப்புவடிவில் நீரோடு நீராகி, ஓடை வழியாக ஆற்றுக்கும் ஆற்றின் வழியாகச் சமுத்திரத்துக்கும் போய்ச் சேர்கிறது. அங்கே பல்லாயிரம் ஆண்டுகள் கரைந்து கிடக்கலாம். அல்லது சிப்பியும் பவளமும் அதைத் தம் ஓட்டுக்கு எடுத்துக்கொள்ளலாம். பூமியின் நிலப்பரப்பில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவான பசால்ட் பாறைகள், பாறைகள் மக்குவதால் இவ்விதம் பிடிபடும் வாயுவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைப் பிடிக்கின்றன. ஆனால் இயற்கை இதைச் செய்யும் வேகம் நம் அவசரத்துக்குப் போதாது. கல்லைப் பொடித்தால் நீர் படும் பரப்பு பன்மடங்காகும்; வெப்பமும் ஈரமும் வேரும் உள்ள வயலில் இட்டால் வேகம் மேலும் கூடும். யோசனையின் சாரம் இவ்வளவே.

1990-இல் வால்டர் ஸைஃப்ரிட்ஸ் இதை ஒரு சிறு கடிதமாக எழுதினார். 2006-இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஸ்கௌலிங் விரிவாக்கினார். 2018-இல் ஷெஃபீல்ட் பல்கலைக்கழகத்து டேவிட் பீயர்லிங்கும் அவர் குழுவினரும் பயிர் நிலங்களே இதற்கு ஏற்ற இடம் என்று எழுதியபோது, சான்றுகளின் வரிசையில் மொரீஷியஸின் கரும்பு வயல் வந்து நின்றது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஹெக்டேருக்கு வருஷம் 50 டன் வீதம் நான்கு வருஷம் பசால்ட் பொடியை இட்டு ஆராய்ந்ததில், சுமார் 10 டன் கரியமில வாயு பிடிபட்டதாகவும், மக்காச்சோளமும் சோயாவும் 12 முதல் 16 சதவீதம் வரை அதிகம் விளைந்ததாகவும் அக்குழுவினர் 2024-இல் அறிவித்தார்கள்.

இருநூறு டன் கல்லுக்குப் பத்து டன் வாயு என்னும் கணக்கை வாசகர் கவனிக்க வேண்டும். முற்றிலும் கரைந்தால் ஒரு டன் பசால்ட் முந்நூறு கிலோ வரை பிடிக்கக்கூடும். முற்றிலும் கரையக் காலம் வேண்டும். கல்லைப் பொடிக்கும் மின்சாரமும், ஏற்றிச் செல்லும் லாரியின் புகையும் வரவில் கழிக்க வேண்டியவை. அதிலும் முக்கியமான தடை ஒன்று மொரீஷியஸின் மண்ணிலேயே இருக்கிறது. அதிகப் புளிப்பேறிய மண்ணில், குறிப்பாக நைட்ரஜன் எருவால் புளித்த மண்ணில், கல்லைக் கரைப்பது அந்த வலிய அமிலமாகவே இருக்கலாம். அப்போது மண்ணின் புளிப்பு தீரும், கரும்பு தழைக்கும். ஆகாயத்தின் வாயுவோ அந்த அளவுக்குக் குறையாது. ஆகவே தொத்மன் தெ வில்லியேயின் பாத்திகளில் விளைச்சல் கூடியதைக் கொண்டு, வாயுவும் அதற்கேற்பப் பிடிபட்டது என்று நாம் முடிவுகட்டலாகாது. அவர் அதை அளக்கவில்லை. அவர் சொல்லாததை அவர் வாயில் ஏற்றுவது அவருக்குச் செய்யும் மரியாதையும் ஆகாது. மண்ணுக்கு நன்மை என்பது அத்தீவில் நிரூபணமான விஷயம்; ஆகாயத்துக்கு எவ்வளவு நன்மை என்பது ஒவ்வொரு வயலிலும், வடியும் நீரைச் சோதித்து, தனித்தனியே அளந்தறிய வேண்டிய விஷயம்.

2025-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில், கரியமில வாயுவை நீக்கும் வழிகளுக்கென நடந்த சர்வதேசப் போட்டியில், ஐந்து கோடி டாலர் முதற்பரிசு ‘மாட்டி கார்பன்’ என்னும் நிறுவனத்துக்குக் கிடைத்தது. தக்காணப் பீடபூமியின் பசால்டைப் பொடித்து, சத்தீஸ்கர் முதலிய பகுதிகளில் சிறு குடியானவர்களின் நெல் வயல்களில் தூவுவது அதன் வேலை. 1834-இல் ‘அட்லஸ்’ கப்பலில் சென்ற முப்பத்தாறு பேரின் சோட்டா நாகபுரி, அந்த வயல்களுக்கு அண்டை நாடு. கல் பொறுக்கக் கடல் கடந்து போனவர்களின் பக்கத்து ஊர்களுக்கு, கல் தூவும் வேலை இன்று தானே வந்து சேர்ந்திருக்கிறது. பொடியின் விலையும் வாயுவின் விலையும் யார் யாரிடையே எப்படிப் பங்காகும் என்பதை நாம் விழிப்போடு பார்க்க வேண்டும்; கல்லைத் தொட்ட கைக்குக் கூலியும், தொடாத கைக்கு லாபமும் போன ஒரு சரித்திரம் நம் முன் கிடக்கிறது.

மொரீஷியஸில் அக்குவியல்கள் இப்போது குறைந்து வருகின்றன. யந்திரத்தால் அறுவடை செய்யக் கல்லில்லாத சமநிலம் வேண்டுமென்று, புல்டோசர்களைக் கொண்டு வயல்களைச் சுத்தம் செய்யும் வேலை பல வருஷங்களாக நடந்து வருகிறது. குவியல்கள் கலைந்து, கல்லுடைக்கும் ஆலையில் ஜல்லியாகிச் சாலைக்கும் வீட்டுக்கும் போகின்றன. ஐரோப்பாவோடு செய்திருந்த சர்க்கரை உடன்படிக்கை 2009-இல் முடிவுற்ற பிறகு, கரும்பு கட்டுப்படியாகாமல் சிறு விவசாயிகள் பலர் நிலத்தைப் போட்டுவிட்டார்கள். அங்கே புதர் மூடிய குவியல்கள் மட்டும் தப்பியிருக்கின்றன. அவற்றின் மேல் சாம்பல் நிறப் பாசி படர்ந்திருக்கிறது. ஒவ்வொரு மழைக்கும் கல்லின் மேல்தோல் கண்ணுக்குத் தெரியாத அளவு கரைந்து, அடியிலுள்ள மண்ணில் இறங்குகிறது.

மோக்கா என்னும் ஊரில் மகாத்மா காந்தி நிலையத்தில், ஒப்பந்தக் கூலிகளின் பதிவேடுகள் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. கப்பலின் பெயர், வந்த தேதி, எண், தகப்பன் பெயர், ஊர், ஜாதி, வயது, உயரம், உடம்பிலுள்ள அடையாளம், எந்தத் தோட்டத்துக்கு அனுப்பப்பட்டார் என்பது வரை அவற்றில் காணலாம். பிற்காலத்தவர் பலருடைய புகைப்படங்களும் உண்டு. தங்கள் மூதாதையின் ஊர்ப்பெயரைத் தேடி இன்றும் ஜனங்கள் அங்கே வருகிறார்கள். எந்த வயலில் எந்தக் குவியலை அவர்கள் மூதாதை எழுப்பினார் என்பதற்கு மட்டும் அப்பதிவேடுகளில் ஒரு கட்டமும் இல்லை.